பெரிய சைஸின் கதை

1

சென்ற வருடம் அலுவலகத்தில் நடந்த மருத்துவப் பரிசோதனையின் ரிசல்ட் மெயிலில் வந்தபோது ஒரு மீட்டிங்கில் இருந்தேன். கேமராவை அணைத்துவிட்டு பிடிஎஃப்பைத் திறந்தேன். எடை 91 கிலோ. உயரம் 171 சென்டிமீட்டர். எச்பிஏ1சி 6.1. கடைசி எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு அம்புக்குறி. முதல் வேலையில் சேர்ந்தபோது நான் 66 கிலோ. அப்பாவுக்குச் சர்க்கரை வந்தது 52 வயதில். எனக்கு இப்போது 36.

டாக்டர் அம்மா பொறுமையானவர். “நைட்டு என்ன சாப்பிடுவீங்க?” என்று கேட்டார்.

“ஆர்டர் பண்ணிக்குவேன் டாக்டர். பர்கர், ஃப்ரைஸ், கோக். சில நாள் பீட்சா.”

“வாரத்துல எத்தனை நாள்?”

யோசித்துவிட்டு நாலு நாள் என்றேன். ஆப்பைத் திறந்து பார்த்திருந்தால் ஐந்து என்று காட்டியிருக்கும். அந்த ஆப்பை எனக்கு நன்றாகவே தெரியும். மூன்று வருடம் அந்த நிறுவனத்தில்தான் வேலை பார்த்தேன். பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டி வருமே, “இதையும் சேர்த்துக்கலாமே” என்று, அந்தப் பெட்டிதான் எங்கள் டீமின் பொறுப்பு. எதைக் காட்டுவது, என்ன வார்த்தையில் கேட்பது, முழு விலையைப் போடுவதா அல்லது “வெறும் 40 ரூபாய் கூடுதல்” என்று வித்தியாசத்தை மட்டும் போடுவதா என்று வாரக்கணக்கில் ஏ-பி டெஸ்ட் நடத்துவோம். வித்தியாசத்தை மட்டும் போட்டதுதான் ஜெயித்தது. சராசரி ஆர்டர் மதிப்பு ஏறியது. அதைக் கொண்டாட டீமுக்கு பீட்சா வாங்கித் தந்தார்கள்.

அப்போது ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டேன். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, வேக உணவின் வரலாற்றைத் தேடித்தேடி வாசித்தேன். எங்கள் பெட்டிக்குக் கிட்டத்தட்ட அறுபது வயது ஆகிவிட்டது என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்கும் முன்னால் இன்னொரு கதை இருக்கிறது. அது ஒரு டென்னிஸ் கோர்ட்டில் தொடங்குகிறது.

2

ரிச்சர்ட், மாரிஸ் என்ற மெக்டொனால்ட் சகோதரர்கள் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் பிழைக்கப் போனவர்கள். சினிமா ஸ்டுடியோவில் செட் தள்ளும் வேலை பார்த்தார்கள். 1940இல் சான் பெர்னார்டினோ என்ற ஊரில் ஒரு டிரைவ்-இன் உணவகம் திறந்தார்கள். காரில் வந்து நின்றால் பெண் பணியாளர்கள் காருக்கே வந்து ஆர்டர் எடுத்து, தட்டில் வைத்துத் தருவார்கள். மெனுவில் இருபத்தைந்து அயிட்டம் வரை இருந்தது. நல்ல வருமானம். ஆனால் தலைவலியும் நிறைய. தட்டும் ஸ்பூனும் திருடு போகும், சமையல்காரர்கள் வேலையை விட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள், இளவட்டங்கள் ஒரு காபியை வாங்கிவிட்டு மணிக்கணக்கில் இடத்தை அடைத்து நிற்பார்கள்.

1948இல் சகோதரர்கள் கணக்கு பார்த்தார்கள். விற்பனையில் பெரும்பகுதி ஹாம்பர்கர்தான். ஓடிக்கொண்டிருந்த கடையை மூன்று மாதம் மூடினார்கள். காருக்குக் கொண்டுபோய்த் தந்த பெண்களை நிறுத்தினார்கள். தட்டு, கத்தி, முள்கரண்டி எல்லாம் போயிற்று. காகிதமும் காகிதக் கோப்பையும் வந்தன. மெனு ஒன்பது அயிட்டமாகச் சுருங்கியது. ஹாம்பர்கர் விலை பாதியாகக் குறைந்து 15 சென்ட் ஆனது. எல்லா பர்கரிலும் அதே கெட்சப், அதே கடுகுச் சாந்து, அதே வெங்காயம், அதே ஊறுகாய் வெள்ளரி. “எனக்கு வெங்காயம் வேண்டாம்” என்றால் காத்திருக்க வேண்டும்.

இதற்குப் பிறகு அவர்கள் செய்ததைப் படித்தபோது எந்தப் பொறியாளருக்கும் வருகிற சந்தோஷம் எனக்கும் வந்தது. புதிய சமையலறை எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய, வீட்டு டென்னிஸ் கோர்ட்டில் சாக்பீஸால் அடுப்பு, மேசை, ஃப்ரையர் எல்லாவற்றையும் அசல் அளவில் வரைந்தார்கள். இரவு வேலை முடிந்த பணியாளர்களை வரவழைத்து, அந்தக் கோடுகளுக்கு நடுவில் பர்கர் செய்வதுபோல நடிக்கச் சொன்னார்கள். யார் எங்கே எத்தனை அடி வீணாக நடக்கிறார்கள் என்று பார்த்து, அழித்து, திரும்ப வரைந்தார்கள். சரியாக வந்த அன்று ராத்திரி மழை பெய்து முழுக்க அழிந்துபோனது. மறுபடி முதலிலிருந்து வரைந்தார்கள். பேக்கப் எடுக்காதவன் கதி அந்தக் காலத்திலும் இதுதான்.

கெட்சப்பும் கடுகும் ஒரே அழுத்தில் ஒரே அளவு விழும்படி உள்ளூர்ப் பட்டறையில் கருவி செய்தார்கள். ஒருவர் இறைச்சியை மட்டும் சுடுவார், ஒருவர் பொட்டலம் மட்டும் கட்டுவார், ஒருவர் மில்க் ஷேக் மட்டும் போடுவார். மாற்றத்தை ஆரம்பத்தில் ஊர் ஏற்கவில்லை. பழைய வாடிக்கையாளர்கள் வந்து ஹாரன் அடித்துக் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். சில மாதங்களில் வேறொரு கூட்டம் வந்தது, அதுவரை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியில் சாப்பிட வசதியில்லாத தொழிலாளர் குடும்பங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு ஒருபக்கமாகிவிடும். வேக உணவு வந்தபோது அது ஏழைகளின் முதல் ஹோட்டல் அனுபவமாகவும் இருந்தது.

1954இல் மில்க் ஷேக் கலக்கும் மெஷின் விற்றுக்கொண்டிருந்த, ஐம்பதைத் தாண்டிய ரே க்ராக், இந்தக் கடைக்கு மட்டும் ஏன் எட்டு மெஷின் தேவைப்படுகிறது என்று பார்க்க வந்தார். அடுத்த வருடம் சிகாகோ அருகே டெஸ் பிளெய்ன்ஸில் தன் முதல் கிளையைத் திறந்தார். 1961இல் சகோதரர்களுக்கு 27 லட்சம் டாலர் கொடுத்து அவர்கள் பெயரையும் சேர்த்து வாங்கிவிட்டார்.

அன்றைக்கு அங்கே விற்ற சாப்பாட்டின் அளவைப் பாருங்கள். பர்கருக்குள் இருந்த இறைச்சி 1.6 அவுன்ஸ், அதாவது 45 கிராம். ஃப்ரைஸ் 2.4 அவுன்ஸ், 68 கிராம். கோக் 7 அவுன்ஸ், சுமார் 200 மில்லி. மூன்றும் ஒரே ஒரு சைஸ். இதைச் சாப்பிட்டு யாரும் 91 கிலோ ஆகியிருக்க மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

3

அளவை மாற்றிய மனிதர் டேவிட் வாலர்ஸ்டீன். சிகாகோவில் ஒரு தியேட்டர் குழுமத்தின் நிர்வாகி. தியேட்டருக்கு லாபம் டிக்கெட்டில் இல்லை, பாப்கார்னிலும் கோக்கிலும்தான் என்பது நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1960களில் அவர் தள்ளுபடி, காம்போ என்று என்னென்னவோ செய்து பார்த்தார். யாரும் இரண்டாவது பாக்கெட் வாங்கவில்லை.

அவருக்குக் கடைசியில் புரிந்தது இதுதான்: ஆட்களுக்கு இன்னும் சாப்பிட ஆசை இருக்கிறது. ஆனால் இரண்டு பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் பெருந்தீனிக்காரன் என்று நாலு பேர் நினைப்பார்களே என்ற கூச்சம் தடுக்கிறது. சரி, ஒரே பாக்கெட்டைப் பெரிதாக்கிவிட்டால்? பெரிய பாக்கெட் வந்தது. பாப்கார்ன் விற்பனை ஏறியது. உப்பு தூக்கலான பாப்கார்னை அதிகம் சாப்பிட்டவர்கள் கோக்கும் அதிகம் குடித்தார்கள்.

வாலர்ஸ்டீன் பிறகு மெக்டொனால்ட்ஸின் இயக்குநர் குழுவில் சேர்ந்தார். ஃப்ரைஸுக்கும் பெரிய சைஸ் வேண்டும் என்று சொன்னபோது க்ராக் ஒப்புக்கொள்ளவில்லை. அதிகம் வேண்டுமென்றால் இரண்டு பை வாங்கிக்கொள்ளட்டுமே என்பது அவர் வாதம். வாலர்ஸ்டீன் கடைகளில் போய் உட்கார்ந்து கவனித்தார். பையின் அடியில் கிடக்கும் துணுக்கையும் உப்பையும் விரலால் வழித்துத் தின்கிறார்கள். ஆனாலும் எழுந்துபோய் இரண்டாவது பை கேட்பதில்லை. 1970களின் தொடக்கத்தில் பெரிய ஃப்ரைஸ் வந்தது.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் டீமில் நாங்கள் செய்ததும் இதுவேதான். கூச்சம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து அதைத் தாண்டிப்போக ஒரு வழி போட்டுக் கொடுத்தோம். ஆப்பில் ஆளே இல்லை, பார்க்க யாருமில்லை. ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஒரு பட்டனிடம் யார் கூச்சப்படப் போகிறார்கள்?

4

கூச்சம் மட்டும் போதாது, விலையும் இறங்க வேண்டும். ஒரு ஃப்ரைஸ் பொட்டலத்தின் செலவில் கடை வாடகை, சம்பளம், மின்சாரம், விளம்பரம் எல்லாம் இருக்கின்றன. உள்ளே போகும் உருளைக்கிழங்கின் பங்கு அதில் சின்னது. எனவே இருமடங்கு கிழங்கைப் போட்டு அரை மடங்கு விலையை ஏற்றினாலும் கடைக்கு லாபம்தான். வாங்குகிறவருக்கும் லாபம் போலவே தெரியும்.

கோக்குக்கு இது இன்னும் பொருந்தும். 1970களில் அமெரிக்க அரசு மக்காச்சோளத்தை முடிந்தவரை விளைவிக்கச் சொல்லி ஊக்குவித்தது. அந்த மக்காச்சோளத்திலிருந்து ஃப்ரக்டோஸ் மிகுந்த பாகு எடுக்கும் தொழில்நுட்பமும் தயாராக இருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாட்டால் சர்க்கரை விலை உயர்ந்தே இருந்தது. 1984இல் கோக்கும் பெப்சியும் அமெரிக்காவில் இந்தப் பாகுக்கு மாறின. இந்தப் பாகு சர்க்கரையைவிடக் கெட்டதா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. அது மலிவாகக் கிடைத்தது என்பதே நம் கதைக்குப் போதும். கோப்பை பெரிதாகிக்கொண்டே போனது. 2002இல் மெக்டொனால்ட்ஸ் விற்ற மிகப்பெரிய கோக் 42 அவுன்ஸ், ஒண்ணேகால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 1955இல் இருந்ததைப் போல ஆறு மடங்கு. ஃப்ரைஸ் மூன்று மடங்கு ஆகியிருந்தது.

கடைக்குப் போகும் வழியும் சுலபமானது. 1956 சட்டத்தால் நாடெங்கும் நெடுஞ்சாலைகள் வந்தன, ஒவ்வொரு இறங்கு பாதையிலும் ஒரு கடை முளைத்தது. மெக்டொனால்ட்ஸின் முதல் டிரைவ்-த்ரூ 1975இல் அரிசோனாவில் ஒரு ராணுவ முகாம் அருகே வந்தது. சீருடையில் இருக்கும் வீரர்கள் வெளியில் காரைவிட்டு இறங்கக் கூடாது என்று அங்கே விதி. அவர்களுக்காகச் சுவரில் ஒரு ஜன்னலைத் திறந்தார்கள். பிறகு எந்த விதியும் இல்லாத கோடிக்கணக்கான பேரும் இறங்குவதை நிறுத்திவிட்டார்கள். எரிக் ஷ்லோசர் 2001இல் எழுதிய ‘ஃபாஸ்ட் ஃபுட் நேஷன்’ நூலின் கணக்குப்படி, அமெரிக்கர்கள் வேக உணவுக்குச் செலவழித்தது 1970இல் 600 கோடி டாலர். 2000இல் 11,000 கோடிக்கும் மேல்.

இனி இன்னொரு கணக்கு. அமெரிக்க அரசு நடத்தும் உடல்நலக் கணக்கெடுப்பில் ஆட்களை நிறுத்தி எடையும் உயரமும் அளக்கிறார்கள், வாயால் சொல்வதை எழுதிக்கொள்வதில்லை. 1960களின் தொடக்கத்தில் பெரியவர்களில் சுமார் 13 சதவீதம் பேர் பருமனானவர்கள். 1970களின் கடைசியில் 15. கிட்டத்தட்ட நகரவேயில்லை. 1988-94இல் 23. 1999-2000இல் 30. 2017-18இல் 42.

இருபது வருடம் தட்டையாக இருந்த கோடு 1980 வாக்கில் திடீரென மேலே திரும்புகிறது. ப்ரொடக்‌ஷனில் இப்படி ஒரு வரைபடத்தைப் பார்த்தால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, “அன்னைக்கு என்ன ரிலீஸ் போச்சு?”

5

ஆனால் அதே ஆட்கள் இன்னொன்றும் சொல்வார்கள். இரண்டு கோடுகள் சேர்ந்து ஏறுவதால் ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாகிவிடாது. அதே காலத்தில் கேபிள் டிவி வந்தது, மேசை வேலை பெருகியது, வீட்டில் சமைக்க நேரம் குறைந்தது. கொழுப்புக்குப் பயந்து கொழுப்பில்லாத இனிப்பு பிஸ்கட்டை அள்ளித் தின்ற காலமும் அதுதான். அப்படியானால் வேக உணவின் பங்கு என்ன?

எனக்கு முக்கியமாகப் பட்ட ஆய்வுகள் இரண்டு. முதலாவது, 2005இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. அமெரிக்க இளைஞர்கள் சுமார் மூவாயிரம் பேரை 15 வருடம் பின்தொடர்ந்தார்கள். வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வேக உணவுக் கடைக்குப் போனவர்கள், ஒரு முறைக்கும் குறைவாகப் போனவர்களைவிட 4.5 கிலோ அதிகம் ஏறியிருந்தார்கள். இன்சுலினுக்கு உடல் மசியாத தன்மையும் அவர்களிடம் இருமடங்கு கூடியிருந்தது.

இதற்கும் ஆட்சேபம் உண்டு. அடிக்கடி பர்கர் தின்பவர்கள் மற்ற விஷயங்களிலும் கவனமில்லாதவர்களாக இருக்கலாமே?

அதற்குப் பதில்போல வந்தது இரண்டாவது ஆய்வு. 2019இல் அமெரிக்கத் தேசிய உடல்நலக் கழகத்தைச் சேர்ந்த கெவின் ஹால் இருபது பேரை ஒரு மாதம் மருத்துவமனையிலேயே தங்க வைத்தார். இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் வீட்டுச் சமையல் போன்ற உணவு. வைத்த தட்டுகளில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் ஏறத்தாழ சமம். வேண்டியமட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு வாரங்களில் அவர்கள் தினம் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள். வேகமாகவும் சாப்பிட்டார்கள். எடை சுமார் 0.9 கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரங்களில் அதே அளவு இறங்கியது.

இது பர்கர் கடையை மட்டும் பற்றிய ஆய்வல்ல, இருபது பேர் என்பதும் சின்னக் கூட்டம்தான். இருந்தாலும் எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது. ஏனென்றால் இங்கே ஆள் ஒருவரே. மனவுறுதியும் ஒன்றே. சாப்பாடு மாறியதும் அவர் சாப்பிட்ட அளவு மாறியது.

நீதிமன்றத்திலும் இந்தக் கேள்வி வந்தது. 2002இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் சார்பில் மெக்டொனால்ட்ஸ் மீது வழக்கு போட்டார்கள், பருமனுக்கு நிறுவனமும் பொறுப்பு என்று. நாடே சிரித்தது. 2003இல் நீதிபதி ராபர்ட் ஸ்வீட் வழக்கைத் தள்ளுபடி செய்தார். அளவுக்கு மீறித் தின்றால் எடை ஏறும் என்பது தெரிந்திருந்தும் தின்பவரைக் காப்பாற்றுவது சட்டத்தின் வேலையல்ல என்றார். அதே தீர்ப்பில் சிக்கன் மெக்நக்கெட்ஸைப் பற்றிச் சொல்லும்போது, வீட்டுச் சமையலறையில் யாரும் பயன்படுத்தாத பொருட்கள் சேர்ந்த ஒரு ‘மெக்ஃப்ராங்கன்ஸ்டைன்’ படைப்பு என்றும் எழுதினார். அது வெறும் கோழி இல்லை என்பது சாப்பிடுகிறவருக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. இப்படி வழக்கு போடுவதையே தடுக்கும் மசோதா ஒன்றை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 2004இல் நிறைவேற்றியது. சீஸ் பர்கர் மசோதா என்று அதற்குச் செல்லப்பெயர். செனட்டில் அது நிறைவேறவில்லை.

அதே வருடம் ‘சூப்பர் சைஸ் மீ’ ஆவணப்படம் வந்தது. முப்பது நாள் மூன்று வேளையும் மெக்டொனால்ட்ஸ். கல்லூரி ஹாஸ்டலில் அதைப் பார்த்துவிட்டு நாங்கள் பர்கர் தின்னப் போனது வேறு கதை. அறிவியலாக அது பலவீனமான படம். தன் நீண்டகாலக் குடிப்பழக்கத்தைப் பற்றி இயக்குநர் 2017இல் தானே எழுதியபோது இன்னும் பலவீனமானது. ஆனால் படம் வெளிவரும் சமயத்தில் ‘சூப்பர் சைஸ்’ மெனுவிலிருந்து எடுக்கப்பட்டது.

6

“எல்லாம் சரிடா, அது அமெரிக்காக்காரன் கதை. நமக்கு என்ன?” என்று நண்பன் கேட்டான்.

நம் பக்கத்து ஊரிலேயே இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1995இல் கேஎஃப்சி இந்தியாவின் முதல் கடையைப் பெங்களூரில் திறந்தது. 1996 ஜனவரியில் பேராசிரியர் நஞ்சுண்டசாமியின் கர்நாடக ராஜ்ய ரைத சங்கத்து விவசாயிகள் உள்ளே புகுந்து அடித்து நொறுக்கினார்கள். இந்த உணவு உடம்புக்கும் கேடு, நம் விவசாயத்துக்கும் கேடு என்பது அவர்கள் கட்சி. எனக்கு அப்போது எட்டு வயது. பல வருடம் கழித்துப் பெங்களூரில் வேலை பார்த்தபோது அந்தச் சம்பவத்தை யாரோ ஜோக்காகச் சொல்ல, நானும் சிரித்தேன். கடையை உடைத்தது சரியென்று இப்போதும் சொல்ல மாட்டேன். அவர்கள் கேட்ட கேள்விக்குச் சிரித்ததுதான் உறுத்துகிறது.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 2015-16இல் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடை அல்லது பருமன் கொண்டவர்கள். 2019-21இல் அது 40.4. ஆண்களில் 28.2 என்பது 37 ஆனது. ஐந்து வருடத்துக்குள் ஒன்பது புள்ளி.

இதற்குப் பர்கரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அது பொய். என் அம்மா வாழ்நாளில் ஒரு பர்கரும் தின்றதில்லை, அவர் எடையும் கூடுதல்தான். எங்கள் ஊர் விருதுநகர். எண்ணெயில் பொரித்த பரோட்டாவுக்குப் பேர் போன ஊர். மைதாவும் எண்ணெயும் எங்களுக்கு அமெரிக்கா சொல்லித்தரவில்லை. ஆனால் அந்தப் பரோட்டா மாசத்துக்கு ஒரு தடவை, சம்பளத் தேதிக்கு அப்பா வாங்கிவரும் பார்சல். கடையில் கூட்டம் நிற்கும். சால்னாவைத் தூக்குவாளியில் வாங்கி, சைக்கிளில் சிந்தாமல் கொண்டுவர வேண்டும். நாலு பேருக்கு எட்டு. ஒன்பதாவது கேட்டால் அம்மா முறைப்பார்.

இங்கே வந்து சேர்ந்தது முக்கியமாக அந்தச் செய்முறை என்று நினைக்கிறேன். காத்திருப்பதை எடு, கூச்சத்தை எடு, கூடுதல் அளவுக்கு விலையைக் குறை, யோசிக்கும் முன் கையில் கொடு. பத்து ரூபாய்க் குளிர்பானம், பெட்டிக்கடையில் தொங்கும் சிப்ஸ் சரம், பக்கெட் பிரியாணி என எல்லாவற்றிலும் அந்த டென்னிஸ் கோர்ட்டின் கோடுகளும் வாலர்ஸ்டீனின் பையும் எனக்குத் தெரிகின்றன. பரோட்டாவும் இப்போது இருபது நிமிடத்தில் வீட்டு வாசலுக்கு வருகிறது. அதை வரவைத்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

7

டாக்டரிடம் போய்வந்த மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பா வீட்டில் விசேஷம். இலை போட்டார்கள். பெரியம்மா பாயசத்தோடு வந்து, “இன்னுங் கொஞ்சம் வச்சுக்கோய்யா” என்றார். இலைக்கு மேலே இரண்டு கையையும் வைத்து மறைத்து, “போதும் பெரியம்மா” என்றேன். அவர் ஒரு கரண்டி ஊற்றிவிட்டுத்தான் போனார். ஆனால் அடுத்த வரிசைக்குப் போன பிறகு திரும்பி வரவில்லை. நான் சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது.

எங்கள் பெட்டியில் ‘வேண்டாம்’ என்று ஒரு பட்டன் வைக்கலாமா என்ற பேச்சு ஒருமுறை வந்தது. வேண்டாம் என்பவர்கள் பெட்டியைக் கடந்து கீழே தள்ளிப் போய்விடலாம், அதற்கென்று தனியாக ஒன்று எதற்கு என்று முடிவானது. அந்த முடிவை வாதாடி ஜெயித்தவன் நான். அந்த நாளும் நினைவிருக்கிறது, நான் சொன்ன காரணமும் நினைவிருக்கிறது.

இப்போது வேறு நிறுவனத்தில் வங்கி மென்பொருள் எழுதுகிறேன். வாரத்துக்கு நாலு நாள் இரவு சமைக்கிறேன், பெரும்பாலும் தோசைதான். சாயங்காலம் நடக்கிறேன். எடை 86. அடுத்த ரத்தப் பரிசோதனை வரும் மாதம்.

போன வெள்ளிக்கிழமை ரொம்பப் பசி. ஆப்பைத் திறந்து ஒரு பர்கர் மட்டும் போட்டேன். பெட்டி வந்தது. நான் எழுதிய வாக்கியம் ஒரு வார்த்தைகூட மாறாமல் இருந்தது, விலை மட்டும் 40இலிருந்து 59 ஆகியிருந்தது. எந்த வரிசையில் எதைக் காட்டுகிறது, ஏன் காட்டுகிறது என்று எல்லாம் தெரியும். தெரிந்தும் கட்டைவிரல் அதன்மேல் போய் நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஃப்ரிட்ஜில் மாவு இருக்கிறதா என்று பார்க்க எழுந்தேன்.